இன்னும் ஒரு டம்ளர்

‘தண்ணி குடி’ என்று என் ஆயுசில் நான் சொன்ன அளவுக்கு வேறு எவரும் சொல்லியிருக்க மாட்டார்கள். கள்ளக்குறிச்சிக்கு வெளியே இருந்த எங்கள் மிஷன் ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டு என் பொறுப்பு. காய்ச்சல், பிரசவம், பாம்புக்கடி, இவைதான் எங்கள் தினப்படி. வருஷத்துக்கு இரண்டு முறை மட்டும் வெளியூர்ப் பெரிய மிஷன் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் சர்ஜன் வந்து பத்து நாள் தங்குவார். வேறெங்கும் போக வழியில்லாதவர்களுக்கு ஆபரேஷன் செய்துவிட்டுக் கிளம்பிவிடுவார். அதற்குப் பிறகு தையல், குழாய், அழுகை எல்லாம் என் தலையில்.

இட ஒதுக்கீடு கேட்டு ரோடெல்லாம் மறியலாக இருந்த வருஷம் அது. கல்வராயன் மலையில் கரியாலூர்ப் பக்கமிருந்து ஒரு பெண் வந்தாள். இருபத்திரண்டு வயது இருக்கும். மூன்று வருஷத்துக்கு முன் தலைப்பிரசவத்தில் மூன்று நாள் வலியோடு கிடந்திருக்கிறாள். குழந்தை செத்துப் பிறந்தது. மூத்திரப்பையில் ஓட்டை விழுந்துவிட்டது. அன்றிலிருந்து ராப்பகலாகச் சொட்டிக்கொண்டே இருந்தது. புருஷன் கொண்டுவந்து அம்மா வீட்டில் விட்டுவிட்டுப் போனான். அம்மா வீட்டில் ஆட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் படுக்க இடம் கொடுத்தார்கள். நாற்றம் என்று சொல்லிக் கண்டக்டர் பஸ்ஸில் ஏற்றவில்லை. அதனால் அண்ணனோடு இரண்டு நாள் நடந்தே ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தாள்.

சர்ஜன் வழக்கம்போல் ஜெபம் செய்துவிட்டுக் கத்தியை எடுத்தார். ஓட்டையைத் தைத்து, மூத்திரம் வெளியே போகக் குழாய் வைத்தார். ஊருக்குக் கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“பதினாலு நாளைக்குக் குழாய் இருக்கணும் சிஸ்டர். அதுவரைக்கும் தண்ணி உள்ளே போயிட்டே இருக்கணும், மணிக்கு ஒரு டம்ளர். தண்ணி குறைஞ்சா குழாய் அடைச்சுக்கும். அடைச்சா மூத்திரப்பை உப்பித் தையல் பிரிஞ்சிடும். மறுபடி தைக்க அங்கே நல்ல சதை இருக்காது.”

அவர் கார் உளுந்தூர்பேட்டையைத் தாண்டியதுதான் தாமதம், பின்னாலேயே புளியமரங்களை வெட்டி ரோட்டில் போட்டுவிட்டார்கள். பஸ் நின்றது, பால் வண்டி நின்றது, டிரங்க் கால் கிடைக்கவில்லை. பங்கு கேட்டவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. எங்கள் வார்டு ஆட்களிலேயே பாதிப்பேர் மறியலில்தான் உட்கார்ந்திருந்தார்கள். மீதிப்பேருக்கு வேலைக்கு வர பஸ் இல்லை. ஆக, முப்பது கட்டிலுக்கு நானும் பயிற்சிக்கு வந்த இரண்டு பெண்களும். காலை ஜெபத்தில் எல்லோரும் நாட்டில் சமாதானம் வேண்டுமென்று உருகினார்கள். நான் அந்தக் குழாய்க்காக மட்டும் வேண்டிக்கொண்டேன்.

அவள் கட்டில் பக்கத்தில் ஒரு மண்பானையும் எவர்சில்வர் டம்ளரும் வைத்திருந்தோம். மணிக்கொரு முறை ஊற்றிக் கொடுப்போம். “சரிங்க சிஸ்டர்” என்று மரியாதையாக வாங்கிக்கொள்வாள். மறுபடி வந்து பார்த்தால் டம்ளர் காலி. சார்ட்டில் ஒரு கோடு. சார்ட்டைப் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். குழாய் வந்து சேரும் பைதான் அதை நம்பவிடவில்லை. கொஞ்சமாக, டீத்தண்ணி நிறத்தில் தேங்கியிருக்கும். பயிற்சிப் பெண்கள் கொடுக்காமலே கோடு போடுகிறார்கள் என்று இரண்டு பேரையும் வறுத்தெடுத்தேன். ஒருத்தி அழுதே விட்டாள்.

இது போதாதென்று பக்கத்துக் கட்டில். களமருதூரிலிருந்து வந்த கூலிக்காரம்மா அங்கே படுத்திருந்தாள். வரப்பில் நெல்லுக்கட்டோடு விழுந்து தொடை எலும்பு முறிந்து, எலும்பு கூடுவதற்காகக் காலில் எடைக்கல் கட்டித் தொங்கவிட்டிருந்தோம். அரை மணிக்கு ஒரு தரம் “சிஸ்டரே, பெட்பேனு!” என்று கூரை அதிரக் கூப்பிடுவாள். சர்க்கரை வியாதியோ என்று இரண்டு முறை டெஸ்ட் செய்தேன். ஒன்றும் இல்லை. அவளுக்குப் பெட்பேன் தூக்கித் தூக்கி என் இடுப்பு போயிற்று.

ஆறாம் நாள் காலை பத்து மணிக்குக் குழாய் நின்றது. மலைப்பெண் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்துக் கிடந்தாள். தொட்டுப் பார்த்தேன், கல்லாக இருந்தது. ஊசிக்குழாயில் உப்புநீர் ஏற்றி மெதுவாகச் செலுத்தினேன், இழுத்தேன், திரும்பவும் செலுத்தினேன். நாலாவது தரம் மண் மாதிரி ஏதோ வந்தது. அப்புறம்தான் ஓடியது. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால் பக்கத்துக் கட்டிலில் விசும்பல்.

“நான்தான் சிஸ்டரே குடிச்சேன்” என்றாள் களமருதூர்க்காரி. “நீங்க அந்தாண்ட போனதும் இந்தப் பொண்ணு டம்ளர எங்கையில நீட்டும். கீழ ஊத்தினா தெரிஞ்சிடும்னு கெஞ்சிக்கினே இருக்கும். நான் இன்னா பண்ணட்டும்? காலுதான கட்டிக் கெடக்குது, வாயி சும்மாத்தான இருக்குதுன்னு குடிச்சேன்.”

இரண்டு பேரையும் என்ன செய்வது? கத்தினேன். வாயில் வந்ததையெல்லாம் கத்தினேன். “உனக்கு இன்னா கேடு? தையல் பிரிஞ்சா மறுபடி அந்தக் கொட்டாய்லதான் கெடக்கணும், தெரியுமா?” என்று மலைப்பெண்ணைப் பார்த்துக் கேட்டேன்.

அவள் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள். “குடிச்சா நனையுங்க சிஸ்டர்.”

“இப்பதான் குழாய்ல போவுதே! எப்டி நனையும்?”

“மூணு வருசமா குடிச்சா நனையுதுங்க. ஒரு நாளைக்கி ஒரு டம்ளர்தான் குடிப்பேன். எங்கனா போவணும்னா அதுவும் கெடையாது. இங்க வெள்ளத்துணி போட்டு, கட்டில்ல படுக்க வச்சிருக்கீங்க. நனைச்சிட்டா வெளிய போடுவீங்க இல்லீங்களா?”

ஆறு நாளில் நூறு முறை ‘தண்ணி குடி’ என்றிருக்கிறேன். மூன்று வருஷம் எப்படிச் சமாளித்தாய் என்று ஒரு முறை கேட்கவில்லை. நர்ஸாகி இத்தனை வருஷம் கழித்து இது எனக்குத் தோன்றாமல் போனதற்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்தால் எனக்குக் கோபமும் சேர்ந்து வரும். ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

“இந்தா, உனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. நீ குடிச்சாதான் நான் எழுந்து போவேன்.”

அன்றிலிருந்து மணிக்கொரு முறை அப்படித்தான். அவள் கண்ணை மூடிக்கொண்டு மருந்து மாதிரி விழுங்குவாள். நான் அவசரமாகக் குடித்துவிட்டுப் பாதி ஊசி போட்டதும் போடாததுமாகக் கக்கூஸுக்கு ஓடுவேன். அதற்கு மூன்றாம் நாள் நான் அப்படி ஓடியதைப் பார்த்து அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வந்ததிலிருந்து அன்றைக்குத்தான் சிரித்தாள். பையில் தண்ணி தெளிந்து வர ஆரம்பித்தது. களமருதூர்க்காரியும் பெட்பேன் கேட்பதைக் குறைத்துக்கொண்டாள்.

பதினாலாம் நாளும் ரோடு திறக்கவில்லை. சர்ஜன் வர வழியில்லை. எங்கள் ஆஸ்பத்திரியிலேயே இருந்த வயதான டாக்டர் “நீயே எடுத்துடும்மா” என்றுவிட்டார். காலையில் குழாயை எடுத்தேன். அப்புறம் மணிக்கு ஒரு தரம் விரிப்பைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது. மத்தியானம் அவளே எழுந்து தானாகப் போய்விட்டு வந்தாள். சாயங்காலமும் காய்ந்திருந்தது. அவள் நம்பாமல் உள்ளங்கையால் விரிப்பைத் தடவிக்கொண்டே இருந்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக் கொஞ்சம் அழுதுவிட்டு, காரணமே இல்லாமல் பயிற்சிப் பெண்களைத் திட்டினேன்.

பஸ் இல்லாவிட்டால் நடந்தே போகிறேன் என்று கிளம்பினாள். “தச்ச எடம் ஆறுறதுக்குள்ள மலை ஏறப் போறியா?” என்று அதற்கும் ஒரு சண்டை. மரங்களை அப்புறப்படுத்தி மலைக்கு பஸ் விட்டதும், அவளைச் சேர்த்துவிட்டுத் திரும்பிப் போயிருந்த அண்ணன் செய்தி கேள்விப்பட்டு இறங்கி வந்தான். கண்டக்டர் ஏதாவது சொன்னால் ஒரு கை பார்த்துவிடுவது என்று நானும் ஆஸ்பத்திரி வாசல் ஸ்டாப் வரைக்கும் போனேன். கண்டக்டர் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் வரிந்துகட்டிக்கொண்டு போனதெல்லாம் வீணாயிற்று.

திரும்பிப் பார்த்தால் அவள் டீக்கடைக் குடத்தடியில் நின்று டம்ளரை அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தாள். ஒன்று முடித்து, இன்னொன்று மொண்டாள். எனக்கு வந்ததே கோபம்.

“ஏம்மா! மலைக்குப் போற பஸ்ஸு, நடுவுல எங்கயும் நிறுத்த மாட்டான். ஏறப் போற நேரத்துல எதுக்கு இவ்ளோ தண்ணி குடிக்கிற?”

இரண்டாவது டம்ளரையும் முழுசாகக் குடித்துவிட்டுப் புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

“வூடு போற வரைக்கும் அடக்கிக்குவேங்க சிஸ்டர்” என்றாள். பஸ்ஸில் ஏறி ஜன்னலோரமாகக் காலியாக இருந்த சீட்டில் உட்கார்ந்தாள்.