மீன் பிடித்ததில் போன கட்டைவிரல்

என் பெயர் சம்சுன்னிசா. வயது அறுபத்தேழு. பூன் லேயில் மூவறை வீடு. முப்பத்தோரு வருடம் மருத்துவமனை வார்டில் தாதியருக்கு உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றேன். ஓய்வு எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. நான்கு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, பராமரிப்பாளர் பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கினேன். ஒரு நிறுவனம் என்னை வீடு வீடாக அனுப்புகிறது, முதியவர்களைக் கவனித்துக்கொள்கிறேன். அந்த முதியவர்களில் சிலர் என்னைவிட இளையவர்கள். அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

சின்ன மகன் அஹ்சன் கல்யாணமாகி, தீவின் மறுகோடியில் இருக்கும் பாசிர் ரிஸுக்குக் குடிபோனபோது வீட்டில் இரண்டு சாமான்களை விட்டுப் போனான். ஒன்று, ஓடும் பயிற்சி இயந்திரம். அதில் துணி காயப்போடுகிறேன். மற்றது, டிவியில் மாட்டி விளையாடும் கேம் பெட்டி. தூசு தட்டத்தான் எடுத்தேன். தட்டியதும், வேலை செய்கிறதா என்று பார்க்கலாமே என்று தோன்றியது. அது ஆகிறது ஆறு வருடம். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நான் பெரிய ஆட்டக்காரி இல்லை. சண்டை விளையாட்டில் முதல் எதிரியே என்னைக் கொன்றுவிடுவான். சில நேரம் அவன் வருவதற்குள் நானே பள்ளத்தில் விழுந்துவிடுவேன். எனக்குக் கைவந்தது ஒன்றுதான்: மீன் பிடிக்கும் விளையாட்டு. தூண்டிலை வீசு, காத்திரு, மீன் கடித்ததும் கையிலிருக்கும் பொத்தான் கட்டையின் குமிழைக் கட்டைவிரலால் சுற்று, சுற்று, சுற்று. காலையில் தேக்கா மார்க்கெட்டில் உண்மையான மீனை வாங்கி, அரிந்து, குழம்பு வைத்துவிட்டு, மத்தியானம் உட்கார்ந்து பொய் மீனைப் பிடிப்பேன். என் தங்கை உம்மு சல்மா இதைக் கேள்விப்பட்டு, "லாத்தா, ஒங்களுக்கு டாக்டர்ட்ட காட்டணும்" என்றாள். அப்போது அவள் காட்டச் சொன்னது மூளையை.

தேக்காவில் ஒரு கடைத்தொகுதியின் இரண்டாம் மாடியில் அப்துல் அலீம் பழைய கேம் வாங்கி விற்கும் கடை வைத்திருக்கிறார். சில மாதங்களுக்கு ஒருமுறை கம்பெனிக்காரர்கள் புதிதாக வரப்போகும் விளையாட்டுகளை வீடியோவில் அறிவிப்பார்கள். அலீம் அதை ஞாயிற்றுக்கிழமை காலையில் கடை டிவியில் போடுவார். நாலைந்து பேர் நின்று பார்ப்போம். நான் மீன் பையோடு நிற்பேன் என்பதால் என்னைச் சுற்றி எப்போதும் கொஞ்சம் இடம் இருக்கும். அங்கே நான் கருத்துச் சொல்லுவேன். யாரும் கேட்பதில்லை, ஆனாலும் சொல்லுவேன். நான் "இதை எவன் வாங்குவான்" என்று சொன்ன விளையாட்டுகளை அலீம் இரண்டு மடங்கு வரவழைக்கிறார். இதுவரை அவருக்கு நஷ்டம் வந்ததில்லை.

போன மார்ச்சில் அப்படி ஒரு ஞாயிறு. முதலில் ஒரு பேய் விளையாட்டைக் காட்டினார்கள். பாழடைந்த ஆஸ்பத்திரி. விளக்கு மினுங்குகிறது. கதவு தானாகத் திறக்கிறது.

"பாருங்க, கட்டிலோட பக்கக் கம்பியை இறக்கியே விட்டிருக்கான்," என்றேன். "டிராலிக்குப் பிரேக் போடல. தரையில தண்ணி. இந்த வார்டுல பேய் வரலன்னாதான் ஆச்சரியம்."

"அக்கா, அது பேயை வச்சுப் பயங்காட்டுற கேம்," என்றார் அழகர்சாமி. கப்பல் பட்டறையில் வெல்டர். விடுமுறை நாளில் தவறாமல் வருவார்.

"எனக்கு அந்தத் தரைதான் பயமா இருக்கு."

அடுத்து, தன்னைவிடப் பெரிய வாளைத் தூக்கிக்கொண்டு ஒருவன் மலைமேல் நின்றான். எங்கே வேண்டுமானாலும் போகலாம், ஆயிரம் மைல் உலகம், என்று எழுத்து வந்தது.

"அவ்வளவு தூரத்துல கழிவறை எத்தனை இருக்கு? ஒண்ணுகூடக் காட்டலையே. எங்க வேணா போ, எதுல போவ? முதுகை வளைச்சுத் தூக்குறான் பாருங்க. நாப்பது வயசுல இவனுக்கு டிஸ்க் போயிடும்."

"லாத்தா, இதுக்கு அம்பது எடுத்துரவா?" என்றார் அலீம், ஆர்டர் புத்தகத்தைத் திறந்தபடி.

மூன்றாவதாக நீலக் கடல் வந்தது. ஒரு படகு. என் மீன் விளையாட்டின் இரண்டாம் பாகம். அலையின் சத்தம் கேட்டது, தூண்டில் வளைந்தது, படகின் நீளத்துக்கு ஒரு கொடுவா மீன் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு எழும்பியது.

நான் மீன் பையைக் கீழே வைத்தேன்.

"அக்கா வாய் மூடிடுச்சு," என்றார் அழகர்சாமி. "அலீம் பாய், இதை எடுக்காதீங்க. ஓடாது."

"இன்னைக்கே டெமோ விட்டுட்டாங்க, லாத்தா," என்றார் அலீம். "ஃப்ரீதான். அடுத்த ஞாயிறு வரைக்கும் விளையாடலாம். அப்புறம் லாக் ஆயிடும்."

இங்கேதான் நான் ஒரு விஷயத்தை எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். அடுத்த ஞாயிறுக்கு மறுநாள், திங்கட்கிழமை, எனக்குத் தேர்வு. நோயாளியைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றத் தெம்பு இருக்கிறதா என்று நிறுவனம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை சோதிக்கும். தேறாவிட்டால் ஆளைத் தூக்கும் வேலை கிடையாது. தூக்கும் வேலை கிடையாதென்றால் எனக்கு சாமுண்டீஸ்வரி அம்மா கிடையாது.

அவரைப் பற்றிச் சொல்கிறேன். புக்கிட் பாஞ்சாங்கில் இருக்கிறார். வயது எண்பத்தொன்று, எடை எழுபத்திரண்டு கிலோ. அந்தக் காலத்தில் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டர். இடுப்பு எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை நடந்தபிறகு தனியாக எழ முடியாது. எனக்கு முன் ஏழு பேரைத் துரத்தியவர். என்னை மட்டும் பதினான்கு மாதமாக வைத்திருந்தார், வாரம் மூன்று காலை. என் மற்ற நோயாளிகள் நான் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவார்கள். பதிலுக்குப் பதில் பேசும் ஆள் இவர் ஒருவர்தான். அவர் வீட்டுக்குப் போகாத நாட்களில் என் நாக்கு துருப்பிடித்துவிடும். அந்த வேலையை விட எனக்கு மனமில்லை.

என் வலது கட்டைவிரலுக்கு அடியில், மணிக்கட்டின் ஓரத்தில், அந்த ஞாயிறுக்கு முந்தைய இரண்டு வாரமாகவே வலி இருந்தது. அது என்ன வலி என்று எனக்குத் தெரியும். கட்டைவிரலை உள்ளே மடக்கி, மற்ற விரல்களால் மூடி, கையைச் சுண்டுவிரல் பக்கம் சாய்க்க வேண்டும். உயிர் போகிற மாதிரி வலித்தால் விரலை இழுக்கும் தசைநாணின் உறை வீங்கியிருக்கிறது என்று பொருள். செவ்வாய்க்கிழமை புக்கிட் பாஞ்சாங் போகும் பேருந்தில் உட்கார்ந்து செய்து பார்த்தேன். நான் போட்ட சத்தத்தில் பக்கத்திலிருந்தவர் எழுந்து வேறு இருக்கைக்குப் போய்விட்டார்.

இதற்கு மருந்து, விரலுக்கு ஓய்வு. நூறு பேருக்குச் சொல்லியிருப்பேன். "வலிச்சா நிறுத்துங்க, பிடிவாதம் பிடிக்காதீங்க" என்று பெரிய மனிதர்களையெல்லாம் அதட்டியிருக்கிறேன். அன்று மத்தியானம் வீட்டுக்கு வந்து, ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி மணிக்கட்டில் கட்டிக்கொண்டு, அரைமணி நேரம் மட்டும் என்று டெமோவைப் போட்டு உட்கார்ந்தேன். சாயங்காலத் தொழுகைக்கு அஸர் பாங்கு ஒலித்தபோதுதான் நிமிர்ந்தேன். ஐஸ் உருகி மடி நனைந்திருந்தது. கொடுவா சிக்கவில்லை.

வியாழக்கிழமை சாமுண்டீஸ்வரி அம்மாவுக்குத் தேநீரை இடது கையில் கொண்டுபோனேன்.

"என்ன கை?"

"ஒண்ணுமில்லம்மா. தூங்கும்போது பிசகிடுச்சு."

"தூங்கும்போது எவளுக்குடி கட்டைவிரல் பிசகும்? என்ன செஞ்ச?"

"வீட்டு வேலைதான்."

"நான் முப்பது வருஷம் அடுத்தவங்க பேச்சைக் காதுல வாங்கினவ. பொய் சொன்னா மூச்சு மாறும், தெரியுமா?" தேநீரை ஒரு வாய் குடித்தார். "சர்க்கரையும் கம்மி. இங்க பாரு சம்சு. திங்கக்கிழமை டெஸ்ட்டுன்னு சொன்ன. நீ எனக்கு வேணும்தான். ஆனா என்னைக் கீழ போட்டேன்னு வை, நான் மறுபடி எந்திரிக்க மாட்டேன். அது ஒனக்கே தெரியும்."

"நான் யாரையும் கீழ போட்டதில்ல."

"இதுவரைக்கும்."

அன்றைக்கு அவரைத் தூக்கும்போது கட்டைவிரலைச் சேர்க்காமல், உள்ளங்கையை வைத்தே வேகமாகத் திருப்பித் தள்ளிச் சமாளித்தேன். அப்படிச் செய்யக் கூடாது. ஒன்றும் ஆகவில்லை என்பதால் அது சரி என்று ஆகிவிடாது. இதையும் நான்தான் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவள். வீட்டுக்கு வந்து, இனி தேர்வு முடியும்வரை அந்தப் பெட்டியைத் தொடுவதில்லை என்று முடிவெடுத்தேன். வெள்ளிக்கிழமை முழுக்கத் தொடவில்லை. சனிக்கிழமை காலையில், தொடாமல் இருந்ததில் விரல் எவ்வளவு தேறியிருக்கிறது என்று சோதிக்கத்தான் தொட்டேன். பத்தரை மணிக்குக் கொடுவா கடித்தது. அதை இழுக்க நாற்பது நிமிடம் ஆனது. பிடித்துவிட்டேன். படகில் அது துள்ளியபோது என்னால் கையிலிருந்த பொத்தான் கட்டையைக் கீழே வைக்க முடியவில்லை. விரல்கள் விரியவில்லை. இடது கையால் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தேன்.

திங்கட்கிழமை இரண்டு வலி மாத்திரை போட்டுக்கொண்டு, நீளக் கை வைத்த மலாய் உடையான பாஜு குரோங் அணிந்து போனேன். இரண்டு நாளாகக் கட்டியிருந்த மணிக்கட்டுப் பட்டையைக் கழற்றிக் கைப்பையில் ஒளித்தேன். மருந்தை நாக்குக்கு அடியில் ஒளிக்கும் கிழவர்களை எத்தனை பேரைப் பிடித்திருக்கிறேன்! அவர்கள் என்னைவிடத் தேவலை. அவர்களுக்கு யாரும் பயிற்சி கொடுக்கவில்லை.

தேர்வு நடத்தியவர் வித்யா, முப்பது முப்பத்தைந்து வயது தாதி. தேர்வுக்கு வந்தவர்களை இருவர் இருவராகப் பிரித்து, ஒருவர் நோயாளியாகப் படுக்க, மற்றவர் தூக்க வேண்டும் என்றார். எனக்குக் கிடைத்த ஜோடி ஃபஸீலா. ஐம்பத்தெட்டு வயது, நல்ல வாட்டசாட்டமான உடம்பு, என்னைப் போலவே வீடுகளுக்குப் போகிறவர். முதலில் அவர் என்னைத் தூக்கினார். பூனைக்குட்டியைத் தூக்கிவைப்பது போல இருந்தது. தேறிவிட்டார்.

பிறகு என் முறை. நாற்காலியைச் சாய்வாக நிறுத்தினேன். பிரேக் போட்டேன். கால் வைக்கும் தட்டை விலக்கினேன். ஃபஸீலாவின் இடுப்பில் தூக்கும் பட்டையைக் கட்டி, "மூணு சொன்னதும் எந்திரிக்கணும், முன்னால சாயுங்க" என்றேன். இதுவரைக்கும் வித்யா எல்லாவற்றுக்கும் குறி போட்டுக்கொண்டே வந்தார்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு."

ஃபஸீலா எழுந்தார். முழு எடையும் பட்டைக்கு வந்தது. கட்டைவிரல் பிடியிலிருந்து கழன்றுகொண்டது. வலி பிறகுதான் வந்தது. முதலில் அங்கே விரலே இல்லாதது போல் இருந்தது. நாற்காலி இன்னும் அரைச்சுற்றுத் தூரத்தில் இருந்தது. வேகமாகத் திருப்பித் தள்ளிவிட்டால் உட்கார்ந்துவிடுவார், வித்யாவுக்கும் தெரியாது. வியாழக்கிழமை அதைத்தான் செய்தேன். ஆனால் ஃபஸீலா தன் பாரத்தை முழுதாக என்னிடம் விட்டிருந்தார், நோயாளி விடுகிற மாதிரியே. கீழே சிமென்ட் தரை.

என் முழங்காலை அவர் முழங்காலுக்கு முட்டுக்கொடுத்து, மெதுவாகத் திரும்பக் கட்டிலிலேயே உட்கார வைத்தேன்.

"என்னால முடியாது," என்றேன். "என் கை சரியில்ல."

ஃபஸீலா என் கையைத்தான் முதலில் பார்த்தார். "லாத்தா, இவ்வளவு வீங்கியிருக்கு! இதோட என்னைத் தூக்க வந்தீங்களா? வீட்ல எனக்கு மூணு பேரப்புள்ள இருக்கு!"

வித்யா பேனாவை வைத்தார். "வலி எவ்வளவு ஆன்ட்டி? பத்துக்கு?"

"ரெண்டு."

இப்படிச் சொல்பவர்கள் எல்லோரையும் எப்படிப் பார்ப்பேனோ, அப்படியே என்னை அவர் பார்த்தார்.

"எட்டு," என்றேன்.

"எப்படி ஆச்சு?"

"மீன் புடிச்சு."

அவர் படிவத்தில் எழுதிக்கொண்டார். "ஓ, ஃபிஷிங் போவீங்களா? எங்க, ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையிலயா?"

"சோஃபாவுல."

விளக்க வேண்டியதாயிற்று. ஃபஸீலா சிரித்த சிரிப்பில் கட்டில் ஆடியது. வித்யா சிரிக்காமல் இருக்கப் படாதபாடு பட்டார், ஆனால் படிவத்தை மாற்றவில்லை: தேறவில்லை, எட்டு வாரம் தூக்கும் வேலை கூடாது, பிறகு மறுதேர்வு.

அன்று மாலையே சாமுண்டீஸ்வரி அம்மாவுக்கு நானே போன் செய்து உண்மையைச் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி:

"மீன் எவ்வளவு பெருசு?"

"படகு நீளம்."

"சாப்பிட முடியுமா?"

"முடியாது."

"மடச்சி," என்று சொல்லி வைத்துவிட்டார்.

என் இடத்துக்கு ஃபஸீலாவை அனுப்பினார்கள். நான் எட்டு வாரம் மணிக்கட்டுப் பட்டையைக் கழற்றவே இல்லை. கேம் பெட்டியை அலீம் கடையில் கொண்டுபோய், விற்பதற்கில்லை என்று சீட்டு ஒட்டி வைத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் போய் அறிவிப்புகளைப் பார்த்தேன், கருத்துச் சொன்னேன். விளையாடாமலே சொன்ன கருத்துகளும் விளையாடிச் சொன்ன அளவுக்கே தவறாக இருந்தன. ஆஸ்பத்திரிப் பேய் நன்றாக ஓடுகிறது என்று கேள்வி.

மறுதேர்வில் தேறினேன். நிறுவனம் சாமுண்டீஸ்வரி அம்மாவிடம் யார் வேண்டும் என்று கேட்டது. ஃபஸீலாவையே தொடரச் சொல்லிவிட்டார். வியாழக்கிழமை மட்டும் நான் வரலாமாம். ஃபஸீலா நல்லவள்தான், ஆனால் எதைச் சொன்னாலும் சரி சரி என்கிறாள், வாரத்தில் ஒரு நாளாவது சண்டை வேண்டும், என்று காரணம் சொன்னாராம். மூன்று நாளில் இரண்டு நாள் போய்விட்டது. யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஒப்புக்கொண்டேன்.

முதல் வியாழக்கிழமை நாற்காலியை நிறுத்தி, பிரேக் போட்டு, பட்டை கட்டி, மூன்று எண்ணி அவரைத் தூக்கினேன். விரல் பிடித்தது. திருப்பி, இறக்கி, உட்கார வைத்தேன்.

"ஃபஸீலா இதைவிட மெதுவா உக்கார வைப்பா," என்றார்.

"அவ என்னைவிட ஒம்பது வயசு சின்னவ," என்றேன். அவர் காலைத் தூக்கித் தட்டின் மேல் வைத்தேன்.