ரோசம்மாளின் ஏழாம் வாய்ப்பாடு

காற்று திரும்பினால் போதும், ஆம்பூரில் எங்கள் மிஷன் பள்ளிக்குள், தோல் பதனிடும் 'தோல் ஷாப்' வாடை, ஆவாரம்பட்டை ஊறும் தொட்டியே பெஞ்சுக்கு அடியில் இருப்பதுபோல, குப்பென்று ஏறிவிடும். "இன்னாத்துக்குடி மூக்கைப் பிடிக்கிறீங்க? வாயைத் திறந்து பாடுங்க!" என்று டீச்சரம்மா அதட்டுவார், எங்களுக்குப் பாட்டு வகுப்பு உண்டானது அப்படித்தான்.

அந்தப் பாட்டால் தலையெடுத்தவள் ரோசம்மாள். தோல் ஷாப்பில் வேலை செய்தவளின் மகள். பேரைக் கேட்டால்கூட "ரோ... ரோ..." என்று கண் பிதுங்கும் அளவுக்குத் திக்குவாய், நாங்கள் சிரிப்போம். பாடும்போது மட்டும் திக்காது. அதைக் கவனித்த டீச்சரம்மா வாய்ப்பாடு, பூகோளம் எல்லாவற்றுக்கும் மெட்டுப் போட்டுக் கொடுக்க, 'மக்கு' என்று பின்பெஞ்சில் கிடந்தவள் ஒரே வருஷத்தில் கணக்கில் என்னைத் தாண்டிவிட்டாள். எனக்கு வயிறு எரிந்தது. அதை நல்ல வார்த்தை போட்டு மூட இந்த வயதில் எனக்கு மனசில்லை.

நான்காம் வகுப்புப் பரீட்சைக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். "இந்த வாட்டி பாஸ் ஆவலைன்னா தோல் ஷாப்புக்கு இட்டுகினு போய்டுவேன்" என்று அவள் அம்மா சொல்லியிருந்தது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ரோசம்மாள் ஏழாம் வாய்ப்பாட்டைப் பிசகில்லாமல் பாடி முடித்தாள். இன்ஸ்பெக்டர் தலையாட்டியபடி பேனாவை எடுத்தார். அப்போது நான் எழுந்தேன்.

"சார், அவளுக்குப் பாட்டுதான் வரும். பாடாம சொல்லச் சொல்லுங்க."

"அப்படியா? எங்கே, சொல்லும்மா."

"ஓ... ஓ..." அவள் 'ஓரேழு ஏழு'வைக்கூடத் தாண்டவில்லை. "பாட விடுங்க சார், அதுக்கு எல்லாம் தெரியும்" என்று டீச்சரம்மா கெஞ்சியது எடுபடவில்லை. அவள் தேறவில்லை. பாட்டில் பொழுது வீணாகிறது என்று இன்ஸ்பெக்டர் எழுதிவிட்டுப் போக, பாட்டு வகுப்பும் நின்றது. ரோசம்மாள் என்னைத் திட்டக்கூட இல்லை, பாவி நான், திட்டத்தான் அவளுக்கு வாய் எங்கே?

கல்யாணமாகிப் பேரணாம்பட்டுக்குப் போன பிறகு, என் கணவர் வேலை பார்த்த தோல் ஷாப்பில், தோல் உலர்த்தும் பெண்களுக்கு நடுவே அவளைப் பார்த்தேன். அடையாளம் தெரிந்து அவள் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. "அதுகிட்ட இன்னா பேசப் போறீங்க? அது ஊமைம்மா, பாவம்" என்றார் மேஸ்திரி. அவள் காதில் அது விழுந்தது.

இன்று அந்தப் பட்டைத் தொட்டிகள் இல்லை, வாடை இல்லை, டீச்சரம்மாவும் இல்லை. "ஊமை இல்லீங்க, நல்லாப் பாடுவா" என்று அன்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லாமல் வந்துவிட்டேன். எனக்குத் திக்குவாய் கிடையாது.