பொன்னுத்துரை வீட்டு வானவில் போவா

யாங்கோன் துறைமுகத்துப் போட்டாதாங் ஜெட்டியில் பொன்னுத்துரை அண்ணன் மூட்டையை இறக்கினால் கப்பலே ஒரு முழம் மேலே எழும்பும். அப்பேர்ப்பட்ட ஆள், பாம்பைத் தூக்கும்போது மட்டும் பூ எடுப்பதுபோல் எடுப்பார்.

பசுந்தாங்கில் பாம்பு வளர்க்கிற எங்களுக்குக் கையில் கிடைப்பதெல்லாம் விஷமில்லாத போவாதான். எல்லோர் வீட்டிலும் இருந்தது காய்ந்த மணலில் கிடக்கிற மணல் போவா. அது என்ன இனம், எந்த ஊர்ப் பாம்பு என்று பிரித்துக் கேட்பவனை, "வாங்க டாக்டரு" என்று டீக்கடையிலேயே ஓட்டி விரட்டிவிடுவோம்.

மனைவி இறந்த பிறகு அண்ணனுக்கு மகள் விஜயகுமாரி மட்டும்தான். அவள் பாங்காக்குக்கு வேலைக்குப் போகையில் தன் பாம்பு முத்துவை அவரிடம் விட்டாள். வெயில் பட்டால் நீலமும் பச்சையுமாய் மின்னும்.

"அப்பா, இது உங்க மணல் போவா இல்ல. வானவில் போவா. வேற இனம்."

"போவான்னா போவாதாம்மா. நான் பாக்காத போவாவா?"

தினமும் சாயங்காலம் போன் வரும். முதலில், "முத்து எப்படிப்பா இருக்கு?" அப்புறம்தான் அப்பா. "முத்துவப் பாக்க தீவாளிக்கு வர்றேன்பா," என்பாள். முத்து இருக்கும்வரை மகள் வருவாள் என்று அண்ணன் நம்பினார்.

மழை பிடித்தது. யாங்கோன் மழையில் கட்டிய கைலியிலேயே காளான் முளைக்கும். பாம்புக்கு ஈரம் ஆகாதென்று பெட்டிக்குப் பக்கத்தில் கரி அடுப்பை வைத்தார். தண்ணீர்க் கிண்ணத்தையும் எடுத்துவிட்டார். முத்துவுக்குத் தோல் சரியாக உரியவில்லை. துண்டுதுண்டாக ஒட்டிக்கொண்டு நின்றது.

டீக்கடையில் கேட்டார். "போவாவுக்குத் தோல் உரியலப்பா."

"மணலை இன்னும் நல்லா காய வைங்கண்ணே," என்றான் சிவராஜ். எங்களில் ஒருவரும் போய்ப் பார்க்கவில்லை. போவாதானே!

கடலை வறுக்கிற சட்டியில் மணலை வறுத்து, ஆற வைத்து, முத்துவுக்குப் படுக்கை போட்டார்.

ஒரு காலையில் முத்து அசையவில்லை. தூக்கிப் பார்த்த கபீர், எங்கள் கூட்டத்தில் எதற்கும் சிரிக்கிறவன், சிரிக்கவில்லை.

"அண்ணே, இது வானவில் போவால்ல? ஈரத்துல கெடக்குற பாம்புண்ணே. தண்ணியில்லாம காஞ்சிருச்சு."

வெளியே தெரு முழுக்கத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் போன் வந்தது. நாங்கள் பக்கத்தில்தான் இருந்தோம்.

"முத்து எப்படிப்பா இருக்கு?"

"உன் வானவில் போவா..." என்று ஆரம்பித்தார். "நான்தாம்மா காய வெச்சுக் கொன்னுட்டேன்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது.

"தீவாளிக்கு வர்றேன்னியேம்மா?"

"பாக்கலாம்பா."

போன் அடங்கிய பிறகும் அண்ணன் அதைக் காதிலிருந்து எடுக்கவில்லை.