ஆயுசுக்கும் மாற்ற வேண்டாத எண்ணெய்

"இந்த வண்டியில கியர் ஆயிலை ஆயுசுக்கும் மாத்த வேண்டாம் மேடம்" என்று சொல்லித்தான் எனக்கு அந்த பிக்கப்பை விற்றார்கள். யாருடைய ஆயுசுக்கு என்று அன்றைக்கு எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. என்னுடையதா, வண்டியுடையதா, இல்லை அவர்கள் தந்த வாரண்டியுடையதா?

மைசூரிலிருந்து நஞ்சன்கூடு போகிற சாலையில் நான் ஒரு செடி நர்சரி வைத்திருக்கிறேன். பிறந்தது ஹனூர்ப் பக்கம், விவசாயக் குடும்பம். சிறு வயதில் வந்த போலியோவில் இடது கால் சூம்பிவிட்டது. இடுப்பிலிருந்து பாதம் வரை காலிப்பர் என்கிற இரும்புத் தாங்கி போட்டுத்தான் நடப்பேன். அந்தக் காலால் கிளட்ச் மிதிக்க முடியாது என்பதால் பல வருஷம் வாடகை டிரைவர்களை நம்பியே தொழில் நடந்தது. கன்றுகள் வெயிலில் வாடிக்கொண்டிருக்கும், டிரைவர் போனை எடுக்க மாட்டார். தசரா வந்தால் ஊரில் ஒருத்தரும் கிடைக்க மாட்டார்கள். அதனால்தான் கிளட்ச் இல்லாத, ஆட்டோமேட்டிக் கியர் பிக்கப் வாங்கினேன். லைசென்ஸுக்காக ஆர்டிஓ ஆபீஸ் படிகளை அந்தக் காலோடு எத்தனை முறை ஏறி இறங்கினேன் என்பது தனிக் கதை. முதல் முறையாகக் கன்றுகளை ஏற்றிக்கொண்டு சாமராஜநகர் சந்தைக்குத் தனியாகப் போய்த் திரும்பிய அன்று, வீட்டுக்கு வந்த பிறகும் வண்டியை விட்டு இறங்க மனசில்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாவது வருஷம் வண்டி உதறத் தொடங்கியது. காலையில் ரிவர்ஸ் போட்டால் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, பிறகு முதுகில் குத்துவது போல ஒரு தள்ளு. மேட்டில் ஏறும்போது என்ஜின் சத்தம் கூடும், வேகம் கூடாது. சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப் போனேன். என் கணவரும் கூட வந்தார். அவர் நஞ்சன்கூட்டில் ஒரு ஃபேக்டரியில் வேலை பார்க்கிறார். சைக்கிளைத் தவிர எதையும் ஓட்டியதில்லை.

புகார் எழுதிக்கொள்கிற அட்வைசர் பையன் என் புகாரையெல்லாம் கேட்டுக்கொண்டான். பதிலை மட்டும் என் கணவரிடம் சொன்னான், கன்னடத்தில்: "சார், மேடம்தான் ஓட்டறாங்களா? ரெண்டு காலையும் வச்சு ஓட்டுவாங்க. இடது கால் பிரேக்கிலேயே இருக்கும். லேடீஸ் நிறைய பேர் அப்படித்தான். அதனால வர்ற உதறல் சார்."

எனக்குக் காது சுட்டது. புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கி, காலிப்பரின் இரும்புக் கம்பியை விரல் முட்டியால் தட்டிக் காட்டினேன்.

"இந்தக் கால் பிரேக்கை மிதிக்குமாப்பா? மிதிச்சுக் காட்டச் சொல்லு, நானும் பார்க்கறேன்."

அவன் முகம் ஒரு மாதிரி ஆனது. ஆனால் மன்னிப்புக் கேட்கவில்லை. "ஏனூ ஆகல்ல மேடம், செக் பண்ணிடறோம்" என்றான். ஒன்றும் ஆகாதாம். சாயங்காலம் வண்டியைக் கழுவித் துடைத்துக் கொடுத்தார்கள். "கியர் ஆயில் பார்த்தீங்களா?" என்று கேட்டேன். "எல்லாம் பார்த்தாச்சு, லெவல் ஓகே" என்றான். அடுத்த சர்வீஸிலும் அதே கேள்வி, அதே பதில்.

தமிழ்நாட்டு எல்லையில் இருக்கிற பாலாறு செக்போஸ்ட்டைத் தாண்டி ஒருவர் தோட்டம் போட ஆரம்பித்திருந்தார். தென்னங்கன்றும் எலுமிச்சையும் கேட்டிருந்தார். லோடு ஏற்றிக்கொண்டு நானும் கணவரும் கிளம்பினோம். கொள்ளேகால், ஹனூர் வரை வண்டி ஒழுங்காகத்தான் வந்தது. மலைப் பாதையில் ஒரு வளைவில், முன்னால் போன லாரிக்காக நிறுத்தினேன். லாரி நகர்ந்ததும் ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன். என்ஜின் அலறியது. வண்டி முன்னால் போகாமல் பின்னால் இறங்கியது.

பிரேக்கைப் பிடித்தேன். மறுபடி ஆக்ஸிலரேட்டரை மிதித்துப் பார்த்தேன். திரும்பவும் பின்னால்தான். கண்ணாடியில் பார்த்தால், பின்னாலேயே பயணிகள் நிறைந்த பஸ் ஒன்று.

"ஏனுங்க, இறங்கிக் கல்லு வெய்யுங்க!" என்று கத்தினேன்.

அவர் குதித்து இறங்கி, ஓரத்தில் கிடந்த கல்லை உருட்டிவந்து பின்சக்கரத்துக்கு அண்டை கொடுத்தார். ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தேன். இரண்டு காலும் நல்லாயிருக்கிறவர்கள் கதவைத் திறந்து தாவிவிடலாம். நான் எங்கே தாவுவது? அந்த நிமிஷத்தில் பயத்தைவிட எனக்கு ஆத்திரம்தான் அதிகம். லெவல் ஓகேயாம்!

பஸ்ஸிலிருந்து ஆட்கள் இறங்கிவந்து, வண்டியைப் பிடித்துப் பிடித்துப் பின்னால் விட்டு ஓரமாகச் சமதளத்தில் நிறுத்தித் தந்தார்கள். ஹனூரிலிருந்து என் அண்ணன் டெம்போ கொண்டுவந்து கன்றுகளை மாற்றி ஏற்றினார். என் பிக்கப்பை இன்னொரு வண்டி கட்டி இழுத்துக்கொண்டு மைசூர் போய்ச் சேர்ந்தது.

சர்வீஸ் சென்டரில் இப்போது மேனேஜரே வந்தார். "கியர்பாக்ஸ் போயிடுச்சு மேடம். ஓவர்லோடு. புதுசுதான் போடணும்."

"திறந்து பார்த்தீங்களா?"

"திறக்க வேண்டியதில்ல. எங்க அனுபவத்துல தெரியும்."

"அந்த எண்ணெயை என் முன்னாடி இறக்குங்க. அப்புறம் பேசலாம்."

கஸ்டமரை உள்ளே விட மாட்டோம், இன்சூரன்ஸ் பிரச்சினை என்றார். நான் ஒரு நாற்காலியை இழுத்து ஒர்க்‌ஷாப் வாசலுக்கு நடுவில் போட்டு உட்கார்ந்தேன். வண்டி உள்ளே போகவும் முடியாது, வெளியே வரவும் முடியாது. இரண்டு மூன்று பேர் ஹாரன் அடித்தார்கள். மேனேஜர் என் கணவரிடம், "சார், கொஞ்சம் சொல்லுங்க" என்றார். அவர், "வண்டி அவளுதுங்க. அவகிட்டயே பேசுங்க" என்று சொல்லிவிட்டு எனக்குத் தண்ணீர் வாங்கி வரப் போனார்.

கடைசியில் வண்டியை லிஃப்டில் தூக்கினார்கள். நானும் கீழே போய் நின்றேன். அடித் தகட்டைக் கழற்றியதும் கியர்பாக்ஸ் தெரிந்தது. இந்த வண்டியில் எண்ணெய் அளவு பார்க்கக் குச்சி கிடையாது. அடியில் இருக்கிற ஒரு போல்ட்டைக் கழற்றித்தான் பார்க்க முடியும்; எண்ணெய் சொட்டினால் அளவு சரி. அந்த போல்ட்டின் தலை தெரியவே இல்லை. அதன்மேல் மண் இறுகிச் செங்கல் மாதிரி படிந்திருந்தது. பக்கத்தில் ஒரு குழாய் இணைப்பைச் சுற்றி எண்ணெய் கசிந்து புழுதி அப்பியிருந்தது.

"இதைத்தான் சர்வீஸுக்குச் சர்வீஸ் பார்த்தீங்களா?" என்று கேட்டேன். மெக்கானிக் ஸ்க்ரூ டிரைவரால் மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

கிளட்ச் இல்லாத வண்டியில் என்ஜினின் பலம் சக்கரத்துக்குப் போவதே அந்த எண்ணெய் வழியாகத்தான். புதிதாக இருக்கும்போது மாதுளைச் சாறு மாதிரி சிவப்பாக இருக்கும். என் வண்டியிலிருந்து இறங்கியது காபி டிகாஷன். கருகின வாடை. அதுவும் இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை. தேய்மானத் துகளைப் பிடிக்க அடித்தட்டில் வைத்திருக்கிற காந்தங்களில் இரும்புத் தூள் மை போல ஒட்டியிருந்தது.

"கம்பெனியே லைஃப் டைம்னு சொல்லுதே மேடம்" என்றார் மேனேஜர், குரல் இறங்கி.

"மலையில என் லைஃப் டைம் முடிஞ்சிருந்தா கணக்குச் சரியாப் போயிருக்கும், இல்லையா?"

குழாயை மாற்றினார்கள், ஃபில்டரை மாற்றினார்கள். புது எண்ணெய் ஊற்றி ஓட்டி, அதையும் இறக்கிவிட்டு மறுபடி ஊற்றினார்கள். போயேவிட்டது என்று அடித்துச் சொன்ன கியர்பாக்ஸ் வேலை செய்தது. முழுசாகக் குணமாகவில்லை. குளிர் நாளில் ரிவர்ஸ் இன்னும் கொஞ்சம் யோசிக்கும். அந்தத் தேய்மானம் தேய்ந்ததுதான்.

ஒரு வாரம் கழித்து எங்கிருந்தோ ஒரு பெண் போன் செய்தாள். "எங்க சர்வீஸுக்குப் பத்துக்குப் பத்து மார்க் கொடுங்க மேடம். குறைஞ்சா எங்களைத் திட்டுவாங்க." என் கோபத்தை வாங்கிக்கொள்ள அவர்கள் நிறுத்தி வைத்திருக்கிற ஆள் இவள். போல்ட்டில் மண் படிந்ததற்கு இவள் என்ன செய்வாள்? அதை நினைத்து இன்னும் எரிச்சல் வந்தது.

"உன் பேச்சுக்குப் பத்து, கண்ணு. சர்வீஸுக்குப் பூஜ்யம்."

"காரணம் என்னன்னு போடட்டும் மேடம்? கியர் பிராப்ளம்?"

"இல்ல. 'பார்க்காமலே பார்த்தோம்னு சொன்னாங்க'ன்னு போடு."

"அவ்வளவு நீளமா இதுல போட முடியாது மேடம்" என்றாள் பாவம். முடிந்த வரைக்கும் போடச் சொல்லிவிட்டு வைத்தேன்.

இப்போதும் அங்கேதான் வண்டியை விடுகிறேன். இந்த வண்டிக்கு ஊரில் வேறு இடமில்லை. எண்ணெயை எப்போது மாற்றுவது என்பதை மட்டும் நான் முடிவு செய்கிறேன். வேண்டியதில்லை மேடம் என்று ஒவ்வொரு முறையும் யாராவது சொல்கிறார்கள். அந்த போல்ட் கழன்று, சிவப்பாக ஒரு சொட்டு விழுகிறவரை லிஃப்டுக்கு அடியிலிருந்து நான் நகர்வதில்லை.