காயல்கரையா, திருவனந்தபுரமா?

இன்று பாறசாலையில் பஸ் ஏறினேன். பக்கத்தில் பொழியூர் அக்கா ஒருவர். கடலரிப்பில் வீடு போய்விட்டதாம். மகள் சாஸ்தாங்கோட்டைக் காயல்கரைக்குக் கூப்பிடுகிறாள், மகன் திருவனந்தபுரத்துக்கு.

"எங்க போனா கொள்ளாம் மக்கா?"

"காயல்கரைதான் அக்கா. அமைதியான ஊரு. ஏரித்தண்ணிதான், அலை கிடையாது, வீட்டுக்குப் பயமில்ல."

நெய்யாற்றின்கரை வரை காயலின் பெருமையை நிறுத்தாமல் சொன்னேன்.

எல்லாம் கேட்டுவிட்டு அக்கா சொன்னார்:

"செரிதான். ஆனா திருவனந்தபுரத்துல கடல் உண்டுல்லா. வள்ளத்துல மீன் பிடிக்கப் போன எங்க வீட்டுக்காரரு திரும்பி வரல்ல. அவருக்குக் கல்லறை கிடையாது மக்கா. கல்லறைத் திருநாளுக்கு நான் கடற்கரையிலதான் மெழுகுதிரி கொளுத்துவேன். அங்க உள்ளதும் இதே கடலாக்கும்."

நெய்யாற்றின்கரையில் இறங்கினேன்.

கேட்டதும் யோசனை சொல்லிவிடுகிற ஆட்கள் என்னைத் தவிர இங்கே வேறு யாராவது உண்டா?