பஹ்ரைன் வரை ஒரு பீர் பயணம்

என் கணவர் அந்த யோசனையைச் சொன்னபோது நான் பத்தாம் வகுப்பு வேதியியல் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். குவைத்தின் ஃபஹாஹீலில் எங்கள் ஃப்ளாட்டின் சாப்பாட்டு மேசையில் ஒரு பாதி என் விடைத்தாள்களுக்கு, மறு பாதி அவருடைய லேப்டாப்புக்கு. மகள் படிப்புக்காகக் கனடா போனதிலிருந்து அந்த மேசையில் சாப்பிடுவதையே விட்டுவிட்டோம். டிவி முன்னால் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டுவிட்டு, மேசைக்கு வேலை செய்ய வருவோம்.

"கார்லயே ஒரு ட்ரிப் போகலாமா?" என்றார்.

"எங்க?"

"பஹ்ரைன். அங்கேர்ந்து அபுதாபி, துபாய். மூணு ஊர்லயும் சின்னச் சின்ன ப்ரூவரி இருக்கு. அவங்களே காய்ச்சி அங்கேயே ஊத்திக் கொடுக்கறாங்க. கம்பெனி பீர் மாதிரி இல்லியாம். ஒவ்வொண்ணும் ஒரு ருசியாம்."

நிமிர்ந்து பார்த்தேன். குவைத்தில் மது கிடையாது. இத்தனை வருடத்தில் இவர் அதற்காக ஏங்கி நான் பார்த்ததில்லை. ஊருக்குப் போனால் என் தம்பியோடு மொட்டைமாடியில் ஒரு பாட்டில். அதிலும் பாதியை அவனிடமே தள்ளிவிட்டுச் சாப்பிட இறங்கி வந்துவிடுவார்.

"பீர் குடிக்க சவூதியைத் தாண்டிப் போகணுமா? திருச்சியில தில்லைநகர்லயே கிடைக்குமே."

"அது வேற, இது வேற" என்று சொல்லிவிட்டு லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார். கட்டம் கட்டமாக ஒரு அட்டவணை ஏற்கெனவே தயாராக இருந்தது.

இவருக்கு வேலையே அதுதான். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையைப் பராமரிப்புக்காக நிறுத்திவைக்கும் ஷட்டவுன் வந்தால் எந்த வால்வை எப்போது கழற்ற வேண்டும், யார் யார் எந்த ஷிஃப்ட் என்று திட்டம் போட்டுக் கொடுப்பவர். அதே முறையில் எங்கள் பயணத்தையும் பிரித்து வைத்திருந்தார். சவூதி விசா ஒரு கட்டம். காருக்கு எல்லையில் எடுக்க வேண்டிய இன்ஷூரன்ஸ் ஒரு கட்டம். கார் லோனில் இருப்பதால் வெளியே ஓட்டிப் போகலாம் என்று வங்கி கொடுக்க வேண்டிய சம்மதம் ஒரு கட்டம். நடுவில் சில கட்டங்கள் காலியாக, சாம்பல் நிறத்தில் இருந்தன.

"இது என்ன?"

"சும்மா இருக்கற நாள். பஹ்ரைன்ல குடிச்சிட்டு மறுநாளே சவூதிக்குள்ள நுழைய முடியாது. வாசனைகூட இருக்கக் கூடாது. ஒரு நாள் முழுசா தூங்கி, தண்ணி குடிச்சு, சுத்தமாகித்தான் கிளம்பணும். அபுதாபி போறதுக்கும் சவூதி வழியாத்தானே போகணும். அது உடம்பை விட்டுப் போக எவ்வளவு நேரம் ஆகும்? நீதானே கெமிஸ்ட்ரி."

"எங்க பாடத்துல அது இல்ல" என்றேன்.

பாடத்தில் இருப்பது வேறு. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று எத்தனாலையும் கரியமில வாயுவையும் வெளியிடும் சமன்பாடு. ஒவ்வொரு வருடமும் அதைக் கரும்பலகையில் எழுதும்போது கடைசி பெஞ்சில் ஒரு சிரிப்பு கிளம்பும். திரும்பிப் பார்க்காமல் எழுதி முடித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். மது இல்லாத நாட்டில் மதுவின் வேதியியலைச் சொல்லிக்கொடுக்கும் டீச்சர்களுக்கெல்லாம் இந்த அவசரம் உண்டு.

டிசம்பரில் போவதாக இருந்தது. ஆலையில் ஷட்டவுன் தள்ளிப்போய் டிசம்பரில் வந்து விழுந்தது, லீவு கிடைக்கவில்லை. பிப்ரவரியில் எனக்குப் பொதுத்தேர்வு மேற்பார்வை. அப்புறம் ரமலான். ரமலானில் பஹ்ரைனிலும் மதுக்கூடங்கள் மூடியிருக்கும். இதற்கிடையில் என் பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போய், வருகிறேன் வருகிறேன் என்று வராமலே இருந்தது. ஒவ்வொரு தடவையும் இவர் பேசாமல் கட்டங்களை வலது பக்கம் நகர்த்துவார். எனக்கு அலுத்துவிட்டது. விட்டுவிடுங்கள் என்று சொல்லவும் மனம் வரவில்லை.

மகளிடம் போனில் சொன்னபோது, "அம்மா, ஆர் யூ சீரியஸ்? நீ பீர் குடிக்கப் போறியா?" என்று கேட்டாள்.

"நான் எங்க குடிக்கறேன்? அப்பாவுக்குத் துணைக்குப் போறேன்."

"தட்ஸ் சோ ஸ்வீட்" என்றாள். எனக்கென்னவோ அது சுவீட்டாகப் படவில்லை. இன்னொரு டியூட்டி மாதிரித்தான் இருந்தது.

பாஸ்போர்ட் வந்து சேர்ந்தது. பெருநாள் விடுமுறையில் கிளம்பினோம். இவர் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் முடித்துவிட்டு வந்து, குளித்து, காபி குடித்துவிட்டு ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். கண் சிவந்திருந்தது. எனக்கு லைசென்ஸ் இருக்கிறது. ஆனால் வீடு, பள்ளி, சூப்பர் மார்க்கெட் தவிர வேறெங்கும் ஓட்டியதில்லை. "நான் ஓட்டவா?" என்று கேட்க வேண்டும் என்று நினைத்தேன், கேட்கவில்லை. பின் சீட்டில் புளியோதரையும் தயிர்சாதமும் எடுத்து வைத்திருந்தேன்.

சவூதி எல்லையில் கூண்டுக்குள் இருந்த இளம் அதிகாரி பாஸ்போர்ட்டுகளைப் புரட்டிவிட்டு, எங்கே போகிறீர்கள் என்று அரபியில் கேட்டார்.

"பஹ்ரைன்" என்றார் இவர்.

"பஹ்ரைன்?" அவர் குனிந்து என்னைப் பார்த்தார். என் புடவையையும், பின் சீட்டிலிருந்த டிபன் கேரியரையும் பார்த்தார். என்ன நினைத்தாரோ, சிரித்துவிட்டு முத்திரை குத்தினார். "யல்லா, யல்லா" என்று, போங்கள் என்பதுபோல் கையை ஆட்டினார்.

அதன்பிறகு மணல். மின்கம்பங்கள், மணல், எப்போதாவது வேலிக்கு அப்பால் ஒட்டகங்கள். இவருக்குத் தூக்கம் வராமலிருக்க நான் பேசிக்கொண்டே வந்தேன். சித்தி பெண்ணின் கல்யாணப் பேச்சு, ஸ்டாஃப் ரூம் சண்டை, எங்கள் கட்டட லிஃப்ட். பேசப் பேச எனக்குத்தான் தொண்டை வறண்டது.

பஹ்ரைனுக்குப் போகும் கடல் பாலத்தில் மாட்டிக்கொண்டோம். பெருநாளுக்கு சவூதியின் கிழக்குக் கரையே கிளம்பி எங்களோடு வந்திருந்தது. இரண்டு பக்கமும் கடல், நடுவில் நகராத கார்கள். பக்கத்துக் காரில் ஒரு குடும்பம் ஃப்ளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் குடித்தது. இவர் ஒவ்வொரு தடவையும் பத்தடி நகர்ந்து பிரேக்கை மிதித்தார்.

மறுநாள் மத்தியானம் அந்த இடத்துக்குப் போனோம். ஒரு ஹோட்டலின் தரைத்தளத்தில், கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் ஆளுயர எஃகுத் தொட்டிகள் வரிசையாக நின்றன. காய்ச்சுகிற இடத்தைச் சுற்றிக் காட்டுவார்கள் என்று இவர் முன்பே பதிவு செய்திருந்தார். மலையாளி வெயிட்டர் வந்து மன்னிப்புக் கேட்டார். காய்ச்சுகிறவர் பெருநாள் லீவில் ஊருக்குப் போய்விட்டாராம். "சாரே, டேஸ்டிங் உண்டு. நாலு கிளாஸ் தரும்."

ஒரு மரத்தட்டில் நாலு சின்ன கிளாஸ்கள் வந்தன. வைக்கோல் நிறம், தேன் நிறம், செம்பழுப்பு, கடைசியில் டிக்காஷன் மாதிரி கறுப்பு. புளித்த வாசனை லேசாக அடித்தது. இரண்டாம் நாள் இட்லி மாவை மூடி திறந்தால் வருமே, அது. எனக்கு அது பிடித்திருந்தது.

இவர் முதல் கிளாஸில் ஒரு வாய் குடித்தார். "நல்லாருக்கு" என்றார். தலையைச் சோபாவின் முதுகில் சாய்த்தார். நான் தொட்டிகளைப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள் தூங்கிப்போயிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. தாடையில் நரைத்த முள்தாடி.

வெயிட்டர் ஓடி வந்தார். "மேடம், சாருக்கு சுகமில்லையா?"

"இல்ல, தூங்கறார். விடுங்க. ரொம்ப நாளா தூங்கல."

எழுப்ப மனசில்லை. கைப்பையில் புத்தகம் இல்லை. போனில் சார்ஜ் இல்லை. யாரும் என்னிடம் எதையும் கேட்கவில்லை, எனக்குத் திருத்தவும் எதுவும் இல்லை. கொஞ்ச நேரம் நுரை அடங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவர் மிச்சம் வைத்த வைக்கோல் நிறக் கிளாஸை எடுத்தேன்.

ஐம்பது வயதில் முதல் பீர். பெரிதாக ஏதாவது நடக்கும் என்று நினைத்திருந்தேன், பயமாவது வரும் என்று. எதுவும் வரவில்லை. ஊறவைத்த வெந்தயத்தின் கசப்பு, பின்னால் ஏதோ பழத்தோல் மாதிரி ஒன்று. தேன் நிறம் சுமார். செம்பழுப்பு, பொரி வறுத்த சட்டியின் மணம். கறுப்பைக் கடைசியில் மெதுவாகக் குடித்தேன். அடியில் கொஞ்சம் காபியின் ருசி இருந்தது. கால்கள் இரண்டும் கனமாகி, தரையில் நன்றாகப் பதிந்தன. அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, எவ்வளவு களைத்துப்போயிருக்கிறேன் என்று. அழுகை வருகிறாற்போல இருந்தது, வரவில்லை.

இவர் திடுக்கிட்டு எழுந்தபோது வெளியே வெயில் சாய்ந்திருந்தது. காலி கிளாஸ்களைப் பார்த்தார். "எங்க போச்சு?"

"குடிச்சிட்டேன்."

"நாலையுமா?"

"ஒண்ணுல நீங்க ஒரு வாய் குடிச்சீங்க."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். இவர் அப்படிச் சிரித்துப் பார்த்து நாளாகியிருந்தது. "எது நல்லாருந்துச்சு?"

"கறுப்பு."

"இன்னொண்ணு சொல்லவா?"

"வேண்டாம். ரூமுக்குப் போய்ப் படுக்கணும்."

மறுநாள் முழுக்கத் திரையை இழுத்துவிட்டுத் தூங்கினோம். சாம்பல் நிறக் கட்டம் அது. சாயங்காலம் எழுந்து உட்கார்ந்து, "அபுதாபிக்கு இன்னும் எவ்வளவு தூரம் தெரியுமா?" என்றார், தனக்குத்தானே சொல்வது போல.

"போகணுமா?"

"கலாஸ். முடியல என்னால" என்று மறுபடியும் படுத்துக்கொண்டார்.

திரும்பும்போது நான்தான் ஓட்டினேன். சாவியைக் கேட்டேன், கொடுத்தார். பாலத்தைத் தாண்டி நெடுஞ்சாலையில் ஏறும்வரை இடது ஓரத்துக்கே போகவில்லை, வலது ஓரமாகவே மெதுவாக ஓட்டினேன். பெரிய லாரிகள் கடக்கும்போது கார் ஆடியது. அப்புறம் பழகிவிட்டது. கொஞ்ச தூரம் போனபின் இவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"எனக்கு பீர் அவ்வளவா பிடிக்காது."

"தெரியும்."

"தெரியுமா?"

"மொட்டைமாடியில பாதி பாட்டில் குடிக்கறவருக்கு மூணு ப்ரூவரி எதுக்கு?"

"லீவுன்னா ஊரு. ஊருன்னா கல்யாணம், ஆஸ்பத்திரி, பட்டா மாத்தற ஆபீஸ். ஊருக்குப் போகாம ஒரு லீவு எடுக்கணும்னு இருந்துச்சு. சும்மா எங்கேயாவது போலாம்னா நீ ஏன்னு கேப்ப. நானே கேப்பேன். எதையாவது காரணமா சொல்லணுமே."

"வேற காரணமே கிடைக்கலையா உங்களுக்கு?"

"ஆபீஸ்ல ஒரு பையன் வீடியோ காட்டினான். அதுவே போதும்னு தோணிச்சு."

சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தன. ரோட்டிலிருந்து கண்ணை எடுக்க முடியாததால் எதையும் சரியாகக் காட்ட முடியவில்லை. அதற்குள் இவர் மறுபடியும் தூங்கிவிட்டார்.

எல்லைக்கு முன்னால் ஒரு பெட்ரோல் பங்கில் காரை நிழலாக நிறுத்தி, சீட்டைச் சாய்த்து, நானும் கண்ணை மூடினேன். ஏசி ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இவருடைய குறட்டை. லீவு முடிந்ததும் எனக்குப் பள்ளி உண்டு, இவருக்கு டியூட்டி உண்டு. இன்னும் கொஞ்ச நேரம் இங்கேயே இருக்கலாம் என்று தோன்றியது, இருந்தோம்.