சாணித் தரையில் பதிந்த பாதம்

என் கால் வலிக்கு எங்கள் வீட்டில் முதலில் கிடைத்த பெயர் கள்ளம். தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் இருந்த வரிசை வீடுகளான லயத்திலிருந்து தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு இறக்கம். திரும்பி வரும்போது ஏற்றம். பாதி வழியிலேயே கெண்டைக்கால் இறுகி, உள்ளங்கால் எரியத் தொடங்கிவிடும். பாதையோரம் உட்கார்ந்துவிடுவேன். வேலை சொன்னால் மட்டும் கால் வலித்துவிடுமோ என்பாள் அம்மா. அப்பா அதைக்கூடக் கேட்க மாட்டார். எல்கடுவை மலையில் பிறந்துவிட்டு, ஏறினால் கால் வலிக்கிறது என்பவளை யார் நம்புவார்கள்?

அத்தை வந்த பிறகுதான் என் காலை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்பாவின் தங்கை அவள். வேறு தோட்டத்தில் இருந்தாள்; மாத்தளைக் கோயில் தேர்த் திருவிழாவுக்கு வந்தால் எங்களோடு தங்கிவிட்டுத்தான் போவாள். நான் பிறந்த அன்றே அவளுடைய மகனுக்கு என்று பேசி வைத்துவிட்டார்களாம். அந்தத் தடவை, அம்மா சாணி மெழுகிய தரை காய்வதற்குள் நான் குறுக்கே ஓடிவிட்டேன். அத்தை குனிந்து என் காலடித் தடத்தைப் பார்த்தாள். நடுவில் வளைவே இல்லை. ஈரத்தில் பாதம் அப்படியே அப்பியிருந்தது.

“பாதம் பூராவும் பதியுதே அண்ணி. இப்படி இருந்தா போற வீட்டுக்கு ஆகாதுன்னு சொல்லுவாங்க” என்றாள்.

இத்தனை வருஷம் என் அழுகைக்கு அசையாத அம்மா, அந்த ஒரு பேச்சுக்கு அடுத்த வாரமே வேலைக்குப் போகாமல் என்னை பஸ்ஸில் ஏற்றி மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். அங்கே உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் சிங்கள மிஸ் ஒருவர் இருந்தார். ஓரளவு தமிழ் பேசுவார். என் குதிகாலைக் கையில் பிடித்துக்கொண்டு, எந்த இடத்தில் வலிக்கிறது என்று என்னிடமே கேட்டார். அப்படிக் கேட்ட முதல் ஆள் அவர்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

சுவரைப் பார்த்து நின்று இரண்டு கையையும் ஊன்ற வேண்டும். ஒரு காலை முன்னே வைத்து முழங்காலை மடக்க வேண்டும். பின்னால் இருக்கும் கால் நேராக, குதிகால் தரையை விட்டு எழும்பாமல் இருக்க வேண்டும். அப்படியே சுவரைத் தள்ளினால் பின்காலின் கெண்டைச் சதை இழுபடும். பிறகு கால் மாற்றிச் செய்ய வேண்டும். சதை இளகினால் வலி குறையும் என்றார். அம்மாவுக்கு ஒரே கேள்விதான்.

“காலுல வளைவு விழுமா மிஸ்?”

“முதல்ல வலி போகட்டும் அம்மா” என்றார் அவர்.

அன்று முதல் காலையும் மாலையும் சுவரைத் தள்ளினேன், கதவைச் சாத்திக்கொண்டு. பெண்ணின் காலில் குறை என்று லயம் முழுக்கத் தெரிந்துவிடக் கூடாதே. வெள்ளிக்கிழமை தோறும் தரை மெழுகியதும் அம்மா என்னை ஈரத்தில் ஒரு அடி வைக்கச் சொல்வாள். தடத்தைப் பார்த்து முகம் சுளிப்பாள். பிறகு அதன் மேலேயே மெழுகி அழித்துவிடுவாள்.

ஆனால் எனக்கு வலி போய்விட்டது! ஒரு நாள் ஏற்றத்தில் ஓடி வந்தேன், எங்கும் உட்காரவில்லை. மூச்சிரைக்க அம்மாவிடம் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, பாதத்தைப் பார்த்தாள்.

அடுத்த தேருக்கு வந்த அத்தை, செருப்பைக் கழற்றிய கையோடு என்னை ஈரத்தரையில் நடக்கச் சொன்னாள். நடந்தேன். அவள் குனிந்து பார்த்தாள்; தடம் பழையபடி முழுசாகவே பதிந்திருந்தது. போகும்போது வழக்கமாக என் தலையில் வைத்துவிடும் பூவை மட்டும் இந்த முறை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு அந்தச் சம்பந்தத்தை யாரும் பேசவில்லை.

மறுநாள் நான் சுவரில் கை வைத்தபோது அம்மா வந்து கையைத் தட்டிவிட்டாள். “போதும் விடு. செவுத்துல சுண்ணாம்பு உதிர்றதுதான் மிச்சம்.”

எனக்கு வலி போனதே என்றேன். வலி இருந்தால் என்ன, போனால் என்ன என்பது போலப் பார்த்தாள். அவளுக்குத் தெரியாமல் வெளியே மண் திட்டைப் பிடித்துக்கொண்டு செய்தேன். அடுத்த வீட்டுக்காரி கண்டு விசாரித்துவிட்டாள். அன்று முதுகில் விழுந்த அடியோடு அதையும் விட்டேன். மழைக்காலம் முடிவதற்குள் கெண்டைக்கால் பழையபடி இறுகிவிட்டது.

கொஞ்ச வருஷத்தில் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் வேலைக்கு எனக்குப் பேர் பதிந்தார்கள். கங்காணி என் விரல்களைப் பார்த்தார், தலையாட்டினார். காலை யாரும் பார்க்கவில்லை. முதல் நாள் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலையடியில் நின்றேன். ஏறிப் பறிக்க வேண்டிய மலை தலைக்கு மேலே நின்றது. அம்மா பக்கத்தில் வந்து, காதோடு சொன்னாள்:

“வலது காலை எடுத்து வச்சுப் போ. நல்லா இருக்கும்.”